நன்மை நாலு, தீமை ஐந்து

நடந்தது இவ்வளவுதான். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் இந்தக் கதையை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

1. பதினெட்டு வயதில், ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.
2. யோசித்ததை ஒரு காகிதத்தில் எழுதினேன்.
3. அந்தக் காகிதத்தை எங்கள் சபை உபதேசியார் ஞாயிறு ஆராதனையில், சபையார் அத்தனை பேர் முன்னிலையிலும், நிறுத்தி நிதானமாக வாசித்தார்.
4. ஒவ்வொரு காரணம் முடிந்ததும் சபையார் ‘ஆமென்’ சொன்னார்கள்.
5. ஆறாவது ஆமென் என் அப்பாவைப் பற்றியது.

இதில் முதல் இரண்டு மட்டும்தான் என் திட்டத்தில் இருந்தவை.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பட்டியல் போடாமல் எதையும் முடிவு செய்ய வராது. சின்ன வயதில், ஆடுகிற பல்லைப் பிடுங்கலாமா என்று சிலேட்டில் நன்மை தீமை எழுத உட்கார்ந்தேன். தீமைக்குப் போவதற்குள் பல் விழுந்துவிட்டது. அப்போதே திருந்தியிருக்கலாம். திருந்தாமல் கணக்கு, பௌதிகம் எல்லாம் படித்து வியாதியை முற்றவிட்டேன்.

பள்ளிக்கு மேல் இரண்டு வருஷ இன்டர்மீடியட் படித்து, பரீட்சை எழுதி முடித்திருந்த நேரம். பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில், தலைநகரில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் அந்த வருஷம் ஒரு புது ஏற்பாடு. பரீட்சை முடிவு வருவதற்கு முன்பே, படித்த கல்லூரி முதல்வரின் நற்சான்றுக் கடிதத்தோடு விண்ணப்பித்தால், ஆறு இடங்களை அப்போதே ஒதுக்கிவிடுவார்கள். அதற்கு இரண்டு நிபந்தனை. பள்ளி இறுதிச் சான்றிதழின் அசலை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். வேறு எந்தக் கல்லூரிக்கும் விண்ணப்பிக்க மாட்டோம் என்று தகப்பனார் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இடம் கிடைத்தால் பெரிய அதிர்ஷ்டம். கிடைக்காவிட்டால், சான்றிதழ் வீட்டுக்குத் திரும்புவதற்குள் மற்றக் கல்லூரிகளில் ஆள் சேர்த்து முடித்திருப்பார்கள். ஒரு வருஷம் போயிற்று.

மறுபக்கம் அப்பா. பெயர் மாசிலாமணி. குழித்துறைச் சந்தையில் நல்லமிளகும் சுக்கும் வியாபாரம், சபையில் காணிக்கை எடுக்கிற டீக்கன். பக்கத்து டவுனில் இருந்த பெண்கள் கல்லூரியின் முதல்வரம்மாவைப் பார்த்துப் பேசி, பி.ஏ. கணக்குக்கு எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டு வந்திருந்தார். உறுதியான இடம். வீட்டிலிருந்தே போய்வரலாம். முடித்ததும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்திச்சி வேலை, அப்புறம் சாராள் அத்தையின் மகன் சாமுவேல் அத்தானோடு கல்யாணம். தண்டவாளம் போட்டாயிற்று. வண்டி ஏற வேண்டியதுதான் பாக்கி.

அப்பாவிடம் நேரே கேட்டிருக்கலாமே என்பார்கள். கேட்டேன். மத்தியானச் சாப்பாட்டில், சுவரைப் பார்த்துக்கொண்டு, “இப்பம் பொம்பளப் பிள்ளைகளும் இஞ்சினீயருக்குப் படிக்குதாம்” என்றேன்.

“கப்பல் ஓட்டவும் படிக்கும். மீன் குழம்ப இஞ்ச தள்ளு” என்றார் அப்பா.

(என் விசாரணை அதோடு முடிந்தது. இப்படிப்பட்ட வீராங்கனைதான் நான்.)

விண்ணப்பத் தாள், வாங்கி வைத்த நற்சான்றுக் கடிதத்தோடு, பத்து நாளாக என் டிரங்குப் பெட்டியில், பாவாடைகளுக்கு அடியில் கிடந்தது. கடைசி நாள் திங்கட்கிழமை, மாலை ஐந்து மணி. சனிக்கிழமை ஆகியும் நான் முடிவெடுக்கவில்லை. கிராஃப் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து நாலாக வெட்டி, ஒரு துண்டில் பொடி எழுத்தில் நன்மை தீமைகளை எழுதினேன். நன்மை நாலு வந்தது, தீமை ஐந்து வந்தது. எண்ணிக்கைப்படி பார்த்தால் பி.ஏ. கணக்குதான். எண்ணிக்கை எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே விஷயத்தை ஆண்டவரிடம் விட்டுவிடுவது என்று தீர்மானித்து, இன்னொரு துண்டில் ஒரு ஜெபக் குறிப்பு எழுதினேன்: ‘ஒரு வாலிப மகள் எடுக்க வேண்டிய நல்ல தீர்மானத்துக்காக.’ இரண்டையும் நாலாக மடித்து வேதப்புத்தகத்துக்குள் வைத்தேன்.

ஒரே அளவு. ஒரே மடிப்பு. ஒரே கிராஃப் கட்டம். (பொறியியல் படிக்கத் துடித்த மூளை இது.)

எங்கள் சபையில் ஜெபக் குறிப்புக்கு ஒரு தகரப் பெட்டி உண்டு. வாசலில் இருக்கும். பெயர் எழுத வேண்டாம், மடித்துப் போட்டால் போதும். பாட்டு முடிந்ததும் உபதேசியார் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசிப்பார். சபையார் ஆமென் சொல்லுவார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஜெபம். போதகர் ஐயா மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறெல்லாம் உபதேசியார் ராஜ்யம். வாசிக்கிற விஷயத்தில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது: மனுஷர் ஆண்டவருக்கு எழுதியதை நடுவில் நிறுத்த உபதேசியாருக்கு அதிகாரம் கிடையாது. ஒருமுறை ஒருவர் தன் எருமையின் வயிற்றுப்போக்கைப் பற்றி நாலு பக்கம் எழுதிப் போட்டுவிட்டார். நாலு பக்கமும் வாசித்தார். எருமை பிழைத்துக்கொண்டது. அதிலிருந்து கொள்கை இன்னும் உறுதிப்பட்டுவிட்டது.

அந்த ஞாயிறு பெண்கள் பக்கம் மூன்றாவது பாயில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் கூட்டுக்காரி ரோசம்மா.

“ஏட்டி, குறிப்பு போட்டியா?” என்றாள் காதில்.

“போட்டாச்சு.”

“எல்லாம் செரியாவும், பாத்துக்கோ.”

பாட்டு முடிந்தது. உபதேசியார் பெட்டியைத் திறந்தார். இரண்டு காய்ச்சல், ஒரு பிரசவம், இலங்கைக்குப் போன ஒரு மகனிடமிருந்து கடிதம் வரவில்லை. நாலாவதாக அவர் எடுத்த காகிதத்தில் கிராஃப் கட்டம் தெரிந்தது. நமது குறிப்பு வந்துவிட்டது என்று பயபக்தியோடு கண்ணை மூடிக்கொண்டேன்.

“இது கொஞ்சம் பெரிய குறிப்பு” என்றார் உபதேசியார். கண்ணாடியைத் துடைத்தார். “தலைப்பெல்லாம் போட்டிருக்கு. ‘முன்கூட்டி விண்ணப்பிக்கலாமா?’”

கண்ணைத் திறந்தேன். வேதப்புத்தகத்தைத் திறந்தேன். வாலிப மகளின் நல்ல தீர்மானம் அதில் சங்கீதப் பக்கங்களுக்கு நடுவில் பத்திரமாக இருந்தது.

“நன்மை. ஒன்று. ஆறு இடங்களை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். பிந்தினால் நூறு பையன்களோடு முட்ட வேண்டும்.”

“ஆமென்” என்றது சபை. எந்த இடம், எதற்கு முட்டல் என்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் ஆமென்.

“இரண்டு. பெண் பெயரைப் பார்த்தால் வேடிக்கைக்காவது விண்ணப்பத்தை முழுக்கப் படிப்பார்கள்.”

“ஆமென்.”

ரோசம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பாயின் கோரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பெயர் இல்லை, எழுத்தும் தூரத்திலிருந்து தெரியாது, தப்பித்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.

“மூன்று. குழித்துறைப் பாலத்தை ஆண்கள்தான் கட்டினார்கள். பார்த்தால் அப்படி ஒன்றும் முடியாத வேலையாகத் தெரியவில்லை.”

பெண்கள் பக்கம் ஆமென் பலமாக வந்தது. ஆண்கள் பக்கம் இரண்டு பேர் இருமினார்கள்.

“நாலு. சாமுவேல் அத்தான் கல்யாணம் நாலு வருஷமாவது தள்ளிப்போகும்.”

எங்கள் சபையில் சாமுவேல் ஒருவர்தான். அவரை அத்தான் என்று கூப்பிட உரிமையுள்ளவள் நான் ஒருத்திதான். ஆமென் பாதியில் நின்றது. ஆலயம் முழுவதும் என் பக்கம் திரும்பியது. மலை எஸ்டேட்டிலிருந்து லீவுக்கு வந்து, கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த சாமுவேல் அத்தானை யாரோ தட்டி எழுப்பினார்கள்.

அத்தை பாயிலிருந்து எழுந்துவிட்டாள். “என்னது? எனக்க மவனைத் தள்ளிப் போடுகது நன்மையா?”

“வாசிப்பு முடியல, உட்காரணும்” என்றார் உபதேசியார். “தீமையும் இருக்கு.”

இந்த வார்த்தை அத்தைக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். உட்கார்ந்தாள்.

“தீமை. ஒன்று. இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் போய்விடும். அந்த ஒரு வருஷமும் அம்மையோடு வீட்டில் இருக்க வேண்டும். தாங்காது.”

ஆமென் விழுந்தது. எனக்கு முன்னால் அம்மையின் முதுகு. அது அசையவில்லை. அம்மையின் முதுகு அசையாமலிருப்பது நல்ல அறிகுறி அல்ல.

“இரண்டு. அப்பா கையெழுத்துப் போட மாட்டார். பிடிவாதம் என்று எல்லாரும் நினைப்பார்கள். உண்மையில் பயம்.”

பழக்கம் யாரை விட்டது? ஆமென் சொன்னார்கள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று யோசித்தார்கள். அப்பா அப்போது முன்வரிசைக்குப் பக்கத்தில், காணிக்கைப் பையை இரண்டு கையிலும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். டீக்கன் என்பதால் உட்கார இடமில்லை, ஒளியவும் வழியில்லை. பையை மெள்ள நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார்.

“மூன்று. கெமிஸ்ட்ரி எனக்கு வராது. இதை அவர்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. நாலு. விடுதியில் மீன் கிடைக்குமா தெரியவில்லை.”

நாலாவதற்குத்தான் அன்றைய தினத்தின் உண்மையான ஆமென் கிடைத்தது. இனயம் கடற்கரை மீனைத் தின்று வளர்ந்த சபை. அந்தக் கஷ்டம் எல்லாருக்கும் புரிந்தது.

“ஐந்து. அங்கே ஆராதனை இங்கிலீஷில் இருக்கும். ஆனால் பிரசங்கம் சின்னதாம். நம்...”

உபதேசியார் நிறுத்தினார். கண் மட்டும் அடுத்த வரியில் ஓடியது. கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். கொள்கை என்றால் கொள்கை. வாசித்தார்.

“நம் உபதேசியார் பிரசங்கத்தை நினைத்தால், இதை நன்மையில் சேர்க்கலாமா?”

ஆமென் சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. உபதேசியாரே, “ஆமென்” என்றார்.

அந்தக் கணத்தில் தரை பிளக்கவில்லை. கருங்கல் தரை, ஆழமான அஸ்திவாரம். அது பிளக்காது என்பதை இப்போது தொழில்முறையிலேயே உறுதி சொல்ல முடியும்.

காகிதத்தை மடித்து வைத்துவிட்டு உபதேசியார் ஒரு நியாயமான சந்தேகம் கேட்டார். “சபையாரே, குறிப்பு வந்தாச்சு. ஜெபிக்காம விட முடியாது. ஆனா எப்படி ஜெபிக்கது? பிள்ள மனு போடணும்னு ஜெபிக்கவா, போடாண்டாம்னு ஜெபிக்கவா?”

இப்படி ஒரு கேள்வியை எங்கள் ஊர் ஜனங்களிடம் கேட்டுவிட்டு அமைதியை எதிர்பார்க்கக் கூடாது. ஆண்கள் பக்கம் ஒருவர், கையிலிருக்கிற இடத்தை விடுவது புத்தியில்லை என்றார். பெண்கள் பக்கம் ஒரு குரல், ஆறு இடத்தில் ஒன்று ஏன் நமக்குக் கூடாது என்றது. ரோசம்மா, என்னைக் கேட்காமலேயே எழுந்து, கணக்கில் எப்போதும் நான்தான் முதல் என்று சாட்சி சொன்னாள். கெமிஸ்ட்ரி பற்றி யாரும் அவளைக் கேட்கவில்லை.

சாராள் அத்தை மறுபடி எழுந்தாள். “அப்பம் எனக்க மவன் காத்துக் கெடக்கணுமா?”

கடைசி வரிசையிலிருந்து சாமுவேல் அத்தான், தூக்கம் முழுக்கக் கலைந்த குரலில் சொன்னார்: “அம்மை, இரி. அந்த நாலாவது நன்மை எனக்கும் சேத்துத்தான்.”

(எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் இருந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவரும் பத்து மாதமாக ஒரு பட்டியல் வைத்திருந்திருக்கிறார், மனசுக்குள்.)

சிரிப்பு அடங்குவதற்குள் அம்மை எழுந்தாள். என்னைப் பார்க்கவில்லை. உபதேசியாரைப் பார்த்துச் சொன்னாள். “போடணும்னு ஜெபியுங்க. ஒரு வருஷம் எனக்ககூட வீட்டுல இருக்க அவளுக்கு வேண்டாமாம். எனக்கும் வேண்டாம். பருப்பு வேகவிட்டுட்டு, தீய அணைக்கலாமா வேண்டாமான்னு காகிதத்துல எழுதுகவ அவ.”

மிச்சமிருந்தது அப்பா. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். பையை மேஜைமேல் வைத்தார்.

“பயம்தான்” என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொல்வார் என்று நான் நினைக்கவில்லை. “பொய் ஒண்ணும் எழுதல பிள்ள. அம்பது ஆம்பிளப் பிள்ளைகளுக்கு நடுவில ஒருத்தி. செரி, அதையும் விடுங்க. சான்றிதழையும் குடுத்து, கையெழுத்தும் போட்டு, இடம் கிடைக்காம வந்து நின்னா? மாசிலாமணிக்க மவ ஆசப்பட்டாளாம், காலேஜுக்காரன் வெரட்டி விட்டானாம்னு ஊரு சிரிக்கும். அதை அவ தாங்க மாட்டா.”

அத்தைக்கு எரிச்சல் தீரவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னாள்: “இனி ஊரு சிரிக்கதுக்கு என்ன பாக்கி இருக்கு? இன்னைக்கே சிரிச்சு முடிச்சாச்சு.”

குத்துவதற்காகத்தான் சொன்னாள். ஆனால் அப்பா வியாபாரி. ஒரு வார்த்தையை யார் எந்தக் கோபத்தில் சொன்னார்கள் என்று பார்க்க மாட்டார், அதில் சரக்கு இருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அத்தை பக்கம் தலையை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எப்சி, இதைவிட மோசமா ஒனக்கு இனி நடக்குமா?”

யோசித்தேன். பட்டியல் இல்லாமல், வாழ்க்கையில் முதல் தடவையாக. “நடக்காதுப்பா.”

“அதுவும் செரிதான். உபதேசியாரே, போடணும்னு ஜெபியும்.”

உபதேசியார் ஜெபித்தார். எனக்காகவும், அந்த ஆறு இடங்களுக்காகவும், விடுதி மீனுக்காகவும், கெமிஸ்ட்ரிக்காகவும் தனித்தனியாக ஜெபித்தார். பிரசங்கத்தை மட்டும் அன்று கால் மணி நேரத்தில் முடித்துக்கொண்டார். அதற்காகப் பலர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

வீட்டுக்கு வந்த கையோடு விண்ணப்பத்தை எடுத்து நீட்டினேன். அப்பா தொடவில்லை. “இன்னைக்கு ஓய்வுநாள். ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு தாளிலயும் ஒப்புப் போட்டதில்ல. நாளைக்கு.” (மனம் மாறிவிடுமோ என்று அன்று முழுவதும் அவர் பின்னாலேயே நடந்தேன். கிணற்றங்கரை வரைக்கும்.)

திங்கள் காலை, காப்பிக்கு முன்னால் கையெழுத்துப் போட்டார். தபாலில் அனுப்பினால் ஐந்து மணிக்குள் சேராது. சந்தைக்கு மட்டம் போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டுக்கொண்டு, என்னோடு பஸ் ஏறினார். சான்றிதழ் கோட்டுக்குள் இருந்தது. வழி நெடுக இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கல்லூரி அலுவலகத்தில் குமாஸ்தா விண்ணப்பத்தை வாங்கினார். சான்றிதழை நீட்டச் சொன்னார். அப்பா நீட்டினார், ஆனால் விடவில்லை. குமாஸ்தா இழுத்தார். அப்பாவும் இழுத்தார்.

“விட்டால்தானே வாங்க முடியும்?” என்றார் குமாஸ்தா.

“பத்திரமா இருக்குமா?”

“அலமாரியில் பூட்டி வைப்போம்.”

“சாவி யாருக்க கையில?”

சாவியைக் காட்டிய பிறகுதான் விட்டார். குமாஸ்தா என் பெயரைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். வேடிக்கைக்காகவோ என்னவோ, முழு விண்ணப்பத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு என்னிடம் கேட்டார். “இங்கே வேறு பெண்களே இல்லையம்மா. பயமா இல்லையா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா சொன்னார்: “பயமெல்லாம் நேத்து வாசிச்சுத் தீத்தாச்சு.”

குமாஸ்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ரசீதில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. ஆறு இடத்தில் நாலாவது பெயர் என்னுடையது. அப்பா அதைச் சந்தையில் மிளகு மூட்டைகளுக்கு நடுவில் நின்று படித்தார். திரும்பவும் படித்தார். பிறகு பக்கத்துக் கடைக்காரருக்கு, எதிர்க் கடைக்காரருக்கு, மிளகு கொண்டுவந்த வண்டிக்காரருக்கு என்று வரிசையாக வாசித்துக் காட்டினார். இந்த மனுவுக்குப் பயந்தவர் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வார ஸ்தோத்திர ஆராதனையில் உபதேசியார் ஒன்றேகால் மணி நேரம் பிரசங்கித்தார். நான் முதல் பாயில் உட்கார்ந்து, கண் இமைக்காமல் கேட்டேன். அது நான் செலுத்த வேண்டிய அபராதம்.

விடுதியில் மீன் கிடைத்தது. நன்றாக இல்லை. கெமிஸ்ட்ரியில் முதல் வருஷம் தட்டுத்தடுமாறித் தேறினேன். மற்ற எதிலும் தடுமாறவில்லை. அந்த வகுப்பில் கட்டட வரைபடத்தில் முதல் மதிப்பெண் யாருக்கு என்று அந்தக் குமாஸ்தாவைக் கேட்டாலே சொல்லுவார்.

இப்போதும் எங்கள் வீட்டில் யாராவது எதற்காவது தயங்கினால், அது புடவை நிறமானாலும் சரி, மாடு வாங்குவதானாலும் சரி, அப்பா தலை நிமிராமல் சொல்கிற பதில் ஒன்றுதான்: “பெட்டியில போடுங்க மக்கா, சபை பாத்துக்கிடும்.” சாமுவேல் அத்தானும் அந்த நர்ஸும் எஸ்டேட்டில் இருக்கிறார்கள், கிறிஸ்மஸுக்கு வரும்போதெல்லாம் எனக்குத் தேயிலை கொண்டுவருகிறார்கள். சாராள் அத்தை என்னோடு இரண்டு வருஷம் பேசாமலிருந்துவிட்டு, அவள் வீட்டுச் சமையல்கட்டு ஒழுகியபோது பேசிவிட்டாள்.

நான் இரண்டு வருஷமாக, ரோடும் பாலமும் கட்டுகிற மராமத்து இலாகாவில் வேலை பார்க்கிறேன். இந்த வருஷம் எங்கள் சபையிலிருந்து இரண்டு பெண்கள் அதே கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பித்திருக்கிறார்கள். ஒருத்திக்கு இடம் கிடைத்துவிட்டது. இன்னொருத்திக்குக் கடிதம் இன்னும் வரவில்லை.